நாடகத்துக்கு ஏன் கூட்டம் வரவில்லை?

பள்ளி இறுதி ஆண்டில் படிக்கும் ஒரு மாணவரின் நீண்ட கடிதத்துக்கு இந்த முறை பதில் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது.

அவருக்குப் படம் வரைவதில் விருப்பம். விளம்பரம் வந்தால் சேனலை மாற்றாமல் உட்கார்ந்து பார்க்கிற ஆள். மார்க்கெட்டிங் பட்டப்படிப்பில் சேர நினைக்கிறார். கணக்கில் மதிப்பெண் குறைவு; மார்க்கெட்டிங்குக்குக் கணக்கு வேண்டாம் என்று யாரோ சொன்னதும் ஒரு காரணம். அப்பா சம்மதிக்கவில்லை. "பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பொருள் விற்பதற்கு எதற்குப் பட்டம்?" என்கிறாராம். மூன்று படிப்புகளைக் குறித்து வைத்திருக்கிறார். ஒன்று, டிஜிட்டல் மார்க்கெட்டிங் பட்டம். இன்னொன்று, ஓராண்டு வேலைப் பயிற்சியோடு கூடிய மார்க்கெட்டிங் பட்டம். மூன்றாவது, பொதுவான வணிக மேலாண்மைப் பட்டம். அதில் பிற்பாதியில் மார்க்கெட்டிங்கைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே விண்ணப்பக் கட்டுரையை அனுப்பப் போகிறார். அந்தக் கட்டுரையைக் கட்டணத்துக்கு எழுதித் தருவதாக ஓர் ஆலோசனை நிறுவனம் சொல்லியிருக்கிறது. தானே எழுதிய வரைவையும் இணைத்து, "இது தேறுமா?" என்று கேட்டிருக்கிறார். கணக்கு மதிப்பெண்ணைப் பற்றி விண்ணப்பத்தில் என்ன சொல்வது என்பது கடைசிக் கேள்வி.

கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு: "பதில் தாமதமானால் பரவாயில்லை, நாடகக் குழு வேலையில் இருக்கிறேன். முதல் நாடகத்துக்கு நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து போஸ்டர் வரைந்தும் முன்வரிசை கூட நிரம்பவில்லை. கேட்டுப் பார்த்தால் எல்லோரும் போஸ்டரைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாடகம் ஐந்து மணிக்கு, பள்ளிப் பேருந்து நாலரைக்கே போய்விடும். இரண்டாவது தடவை மதிய இடைவேளைக்கு மாற்றினோம், நாடகத்தையும் இருபது நிமிடமாக வெட்டினோம். நிற்க இடமில்லை."

தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கட்டுரையை ஒரு முறைதான் படிக்க முடிந்தது. கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதத்தை எழுதியவர் ஒருவர், கட்டுரையை எழுதியவர் வேறொருவர் என்று தோன்றுகிறது. கடிதத்தில் இருப்பவர் கவனிக்கிறார், சந்தேகப்படுகிறார், நாலு பேரிடம் கேட்கிறார். கட்டுரையில் இருப்பவருக்கு எல்லாவற்றிலும் "தீராத ஆர்வம்". அவருக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். கடிதம் எழுதியவருக்குக் கொடுப்பேன்.

பின்குறிப்பில் போகிற போக்கில் சொன்னீர்களே, உங்கள் விண்ணப்பத்தின் மையம் அதுதான். அதைக் கட்டுரையில் ஒரு வரி கூடச் சொல்லவில்லை. மார்க்கெட்டிங் என்றால் போஸ்டர் என்று நினைத்திருப்பதால், போஸ்டர் தோற்ற கதை உங்களுக்கு வெட்கமாகத் தெரிந்திருக்கிறது. 1960-இல் ஜெரோம் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஒரு நிறுவனம் முடிவெடுக்க வேண்டிய விஷயங்களை நான்காகப் பிரித்தார்: என்ன பொருள், என்ன விலை, எங்கே எப்படிக் கிடைக்கும், எப்படி எடுத்துச் சொல்வது. ஆங்கிலத்தில் நான்கும் 'பி' எழுத்தில் தொடங்குவதால் 'நான்கு பி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. நீங்கள் சேரப்போகும் எந்தப் படிப்பிலும் முதல் மாதமே இது வரும். ராத்திரியெல்லாம் நீங்கள் நான்காவதில் உழைத்தீர்கள்; கோளாறு மூன்றாவதில் இருந்தது. அதைக் கண்டுபிடித்தது போஸ்டர் இல்லை, நீங்கள் கேட்ட கேள்வி. ஆட்கள் ஏன் வரவில்லை என்று தேடிப் போகிறவரா நீங்கள் என்பதுதான் இந்தப் படிப்பு உங்களுக்குப் பொருந்துமா என்பதற்கு முதல் சோதனை. அதில் தேறிவிட்டீர்கள். மற்றவற்றுக்கு வருகிறேன்.

கணக்கு இல்லாத படிப்பா?

இல்லை. இந்த நம்பிக்கையோடு சேர்ந்தால் முதல் பருவத்திலேயே அதிர்ச்சி காத்திருக்கும். நுகர்வோர் நடத்தை, பிராண்ட் மேலாண்மை, விளம்பரம் ஆகியவற்றோடு சந்தை ஆய்வு, புள்ளியியல், விலை நிர்ணயம், கொஞ்சம் கணக்குப்பதிவியல், கொஞ்சம் பொருளாதாரம் எல்லாம் வரும். பெயரில் மார்க்கெட்டிங் மட்டுமே இருந்தாலும் இவை பெரும்பாலும் கட்டாயப் பாடங்கள்.

ஆனால் அது எந்த மாதிரிக் கணக்கு என்று பார்த்துவிட்டுப் பயப்படுங்கள். ஒரு மின்னஞ்சலை இரண்டு விதமான தலைப்போடு, ஒவ்வொன்றையும் 1,000 பேருக்கு அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதை 30 பேர் கிளிக் செய்கிறார்கள், இரண்டாவதை 36 பேர். இரண்டாவது தலைப்பு ஜெயித்ததா? 36 பெரிது என்று சொல்ல யாருக்கும் படிப்பு வேண்டாம். இந்த ஆறு பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது, இதை நம்பி முடிவெடுக்க முடியாது என்று சொல்லத்தான் புள்ளியியல் வேண்டும். இதே விகிதம் 10,000 பேருக்கு அனுப்பியபோது, அதாவது 300-க்கு 360 என்று வந்திருந்தால், தற்செயல் என்று தள்ளிவிடுவது கடினம். விகிதம் மாறவில்லை, முடிவு மாறிவிட்டது. இது உங்களுக்குச் சுவாரசியமாக இருக்கிறதா? இருந்தால் நீங்கள் பயப்படுகிற கணக்கு வேறு, இது வேறு. சூத்திரங்களை மென்பொருள் போட்டுவிடும். எதைக் கேட்பது, வந்த விடையை எவ்வளவு நம்புவது என்பதுதான் உங்கள் வேலை.

நம்பிக்கை எங்கே தவறும் என்பதற்குப் பாடப்புத்தகங்கள் விடாமல் சொல்லும் கதை கோக்கோ கோலாவுடையது. 1985-இல் பழைய சுவையை மாற்றிப் புதியதை இறக்கினார்கள். அதற்கு முன் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தியிருந்தார்கள். புதியதே நன்றாக இருக்கிறது என்ற பதில்தான் தூக்கலாக வந்தது. கடைக்கு வந்ததும் ஒரே எதிர்ப்பு. 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சோதனையில் கூட்டல் தப்பவில்லை. "எது சுவையாக இருக்கிறது?" என்று கேட்டார்களே தவிர, "பழையது இனி கிடைக்காது என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்ற கேள்விக்கு உரிய கனத்தைக் கொடுக்கவில்லை.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். எண்களைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, வரைவதில்தான் உயிர் இருக்கிறது என்றால் உங்களுக்கு வேண்டியது மார்க்கெட்டிங் பட்டம் இல்லை; வரைகலை வடிவமைப்போ விளம்பர உருவாக்கமோ கற்றுத்தரும் படிப்பு. அது இதைவிடக் குறைந்த படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலை வேறு, அவ்வளவுதான்.

அப்பாவின் கேள்வி

அப்பா சொல்வதில் பாதி தவறு, பாதி சரி. விற்பனை என்பது மார்க்கெட்டிங்கின் ஒரு பகுதிதான். என்ன தயாரிப்பது, யாருக்கு, என்ன விலைக்கு, எந்த வழியாக என்பதெல்லாம் விற்பனையாளர் கதவைத் தட்டுவதற்கு முன்பே முடிவாகிவிடும். சோப்பும் செல்போனும் மட்டும் இதில் இல்லை. ரத்த தானம் செய்ய வைப்பது, புகைபிடிப்பதைக் கைவிட வைப்பது போன்றவற்றுக்கும் இதே முறைகளைப் பயன்படுத்தலாம் என்று 1971-லேயே பிலிப் கோட்லரும் ஜெரால்டு ஸால்ட்மனும் எழுதினார்கள். இன்று 'சமூக மார்க்கெட்டிங்' ஒரு தனிப் பிரிவு. அதே சமயம் நீங்களும் விற்பனையை இளக்காரமாகப் பேசாதீர்கள். வாடிக்கையாளர் முகத்துக்கு நேராக "வேண்டாம்" என்று சொல்வதைக் கேட்டவருக்குத் தெரிவது அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. இந்தத் துறையில் பலருக்கு முதல் வேலை விற்பனையில்தான் கிடைக்கிறது.

அப்பாவின் பயத்தில் சரியான பாதி இது: மருத்துவர், வழக்கறிஞர் மாதிரி மார்க்கெட்டிங் செய்ய உரிமம் எதுவும் தேவையில்லை. உளவியல் படித்தவர், பொருளாதாரம் படித்தவர், பொறியியல் படித்தவர் எல்லோரும் அதே வேலைக்கு விண்ணப்பிக்கலாம். பட்டம் உங்களுக்கு வேலியாக நிற்காது. அதனால் படிப்பை முடிக்கும்போது பட்டத்தோடு, செய்து காட்டிய வேலையும் கையில் இருக்க வேண்டும். இதை நீங்களே அவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு ஆபத்து தெரிந்திருக்கிறது என்றால் பெற்றோருக்குப் பாதி பயம் போய்விடும். அப்புறம் பாடப் பட்டியலைக் காட்டுங்கள். 'மார்க்கெட்டிங்' என்று வாயால் சொல்வதைவிட, புள்ளியியலும் பொருளாதாரமும் அச்சில் இருப்பதைப் பார்த்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

மூன்றில் எது?

டிஜிட்டல் மார்க்கெட்டிங் பட்டம்தான் உங்களை அதிகம் கவர்ந்திருக்கிறது என்று தெரிகிறது. எனக்கு அதில்தான் தயக்கம் அதிகம். இன்று விளம்பரச் செலவும் வேலையும் இணையத்தில் குவிந்திருப்பது உண்மை. ஆனால் கருவிகளைச் சுற்றிக் கட்டிய பாடத்திட்டம் சீக்கிரம் பழசாகிவிடும். இணையதளத்துக்கு யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று கணக்கெடுக்க உலகமே பயன்படுத்திய கூகுளின் யுனிவர்சல் அனலிட்டிக்ஸ், 2023 ஜூலை 1-ஆம் தேதியோடு புதிய தரவு எடுப்பதை நிறுத்தியது. அதற்குப் பதிலாக வந்த கருவியின் அமைப்பே வேறு. அதே கூகுள், பயனர்களைத் தளம் தளமாகப் பின்தொடரும் மூன்றாம் தரப்பு குக்கீகள் என்ற சிறு கோப்புகளைத் தன் குரோம் உலாவியிலிருந்து நீக்கப்போவதாக 2020-இல் அறிவித்து, பலமுறை தள்ளிப்போட்டு, 2024-இல் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் 'குக்கீ இல்லாத உலகம்' என்று பாடம் நடத்தியவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். எந்தத் திரையில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதைச் சில வாரப் பயிற்சியில் கற்கலாம். அதற்காக மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டாம். அந்தப் படிப்பின் பட்டியலில் சந்தை ஆய்வும் நுகர்வோர் நடத்தையும் கட்டாயப் பாடமாக இருந்தால் என் ஆட்சேபம் குறையும். விருப்பப் பாடமாக மட்டும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பொது வணிக மேலாண்மை கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், ஆனால் பாதுகாப்பானது. இரண்டாம் ஆண்டில் மனம் மாறி நிதி அல்லது மனிதவளம் பக்கம் போக நினைத்தால் கதவு திறந்திருக்கும். ஆழம் குறையலாம், மார்க்கெட்டிங் பாடங்கள் பின்னால்தான் வரும்.

உங்கள் இடத்தில் இருந்தால் நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பேன், ஓராண்டு வேலைப் பயிற்சி உள்ள மார்க்கெட்டிங் பட்டத்தை. உரிமம் இல்லாத துறையில் அந்த ஓராண்டுதான் உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். மூன்றாவதை மாற்று வாய்ப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 'வேலைப் பயிற்சி' என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இடத்தைப் பல்கலைக்கழகம் பிடித்துத் தருகிறதா, மாணவரே தேட வேண்டுமா? கிடைக்காவிட்டால் என்ன ஆகும், பயிற்சி இல்லாத பட்டத்துக்கு மாற்றிவிடுவார்களா? போன முறை எத்தனை பேருக்குக் கிடைத்தது? வெளிநாட்டு மாணவராக இருந்தால் விசா அந்த ஓராண்டையும் சேர்த்துத் தருகிறதா? இவற்றைச் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்க வேண்டும். பணம் கட்டப்போகிறவர் நீங்கள். கேட்பது உங்கள் உரிமை, தொந்தரவு இல்லை. பதிலே வராத இடம் எப்படி இருக்கும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

தரவரிசையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உலகத் தரவரிசைகள் பெரும்பாலும் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்துப் போடுவது, அதிலும் ஆராய்ச்சிக்குப் பெரிய பங்கு. இளநிலை மாணவருக்கு மார்க்கெட்டிங் எப்படிக் கற்றுத்தருகிறார்கள் என்று அந்த எண் சொல்லாது. 1916-இல் தொடங்கிய ஏஏசிஎஸ்பி, ஐரோப்பாவின் ஈக்விஸ் போன்ற அங்கீகாரங்கள் வணிகப் பள்ளி முழுவதற்கும் தரப்படுபவை; இருந்தால் நல்லது, பாடப் பட்டியலைப் படிக்கும் வேலையை அவை மிச்சப்படுத்தாது. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த நிறுவனத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் உண்டா என்பதை அந்த நாட்டின் அதிகாரபூர்வப் பட்டியலில் பாருங்கள். முன்பணம் கட்டும் முன் அதைத் திரும்பப் பெறும் விதிகளையும் படித்துவிடுங்கள்.

கட்டுரைக்கு வருவோம்

ஒரே கட்டுரையை இரண்டு நாட்டுக்கும் அனுப்ப முடியாது. கேட்பதே வேறு. பிரிட்டனில் யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்கும்போது அதிகபட்சம் ஐந்து தேர்வுகள், ஐந்துக்கும் போவது ஒரே கட்டுரை. அதனால் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரையும் அதில் எழுதக் கூடாது. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், இரண்டு இடத்தில். 2026 சேர்க்கையிலிருந்து அது ஒரே நீளக் கட்டுரையாகவும் இல்லை. மூன்று கேள்விகள்: இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், இதுவரை படித்தது உங்களை எப்படித் தயார்ப்படுத்தியது, பாடத்துக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். இடைவெளிகளையும் சேர்த்து மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350. கேட்பதெல்லாம் படிப்பைப் பற்றித்தான். அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கும் பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் முக்கியக் கட்டுரை 250 முதல் 650 சொற்கள். அங்கே நீங்கள் எப்படிப்பட்ட ஆள் என்று பார்க்கிறார்கள். 'எங்கள் பல்கலைக்கழகம் ஏன், இந்தப் பாடம் ஏன்' என்பதைப் பல இடங்கள் தனிக் கேள்வியாகக் கேட்கும், அங்கே பெயரை எழுதியே ஆக வேண்டும். நாடகக் கதை இரண்டிலும் வரலாம். பிரிட்டனுக்கு அதில் மார்க்கெட்டிங் தெரிய வேண்டும், அமெரிக்காவுக்கு அதில் நீங்கள் தெரிய வேண்டும்.

இப்போது உங்கள் வரைவு. முதல் வரி: "சிறு வயதிலிருந்தே மார்க்கெட்டிங் மீது எனக்குத் தீராத ஆர்வம் உண்டு." சிறு வயதில் யாருக்கும் மார்க்கெட்டிங் என்றால் என்னவென்று தெரியாது, தம்பி. படிப்பவருக்கும் அது தெரியும். இரண்டாவது வரி "இன்றைய வேகமாக மாறிவரும் டிஜிட்டல் உலகில்." இதை வெட்டினால் கட்டுரையில் எதுவும் குறையவில்லை, பாருங்கள். மூன்றாவது பத்தியில் ஒரு மேலாண்மை அறிஞரின் பொன்மொழி. உங்களுக்கு இருப்பதோ கொஞ்சம் எழுத்துகள், அவற்றை அவருக்கு ஏன் கொடுக்கிறீர்கள்? அதற்கடுத்து ஆப்பிளும் நைக்கியும் உங்களைக் கவர்ந்ததாக. அவை எல்லோரையும்தான் கவர்ந்தன. ஒரு பிராண்டைச் சொன்னால் அது எடுத்த ஒரு முடிவைச் சொல்லுங்கள், அதோடு உங்களுக்கு எங்கே உடன்பாடு, எங்கே இல்லை என்று சொல்லுங்கள். முடியாவிட்டால் பெயரே வேண்டாம். கடைசிப் பத்தியில் கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர், படைப்பாற்றல் மிக்கவர் என்று உங்களுக்கு நீங்களே சான்றிதழ் கொடுத்திருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழ் படிப்பவர் கையில் இருந்து வர வேண்டும்.

பின்குறிப்பில் இருந்ததை எடுத்து எப்படிப் பத்தியாக்கலாம் என்று காட்டுகிறேன்:

"எங்கள் நாடகக் குழுவின் முதல் நாடகத்துக்கு நான் போஸ்டர் வரைந்தேன். முன்வரிசை கூட நிரம்பவில்லை. போஸ்டர் சரியில்லையோ என்று நினைத்து மற்ற வகுப்பு மாணவர்களிடம் கேட்டேன். எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள். ஆனால் பேருந்து நாலரைக்கு, நாடகம் ஐந்துக்கு. அடுத்த நாடகத்தை மதிய இடைவேளைக்கு மாற்றி, இருபது நிமிடமாகக் குறைத்தோம். அரங்கு நிரம்பியது. ஆனால் நேரம் மாறியதாலா, நாடகம் சுருங்கியதாலா, முதல் முறை பார்த்தவர்கள் சொன்னதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்று கற்க விரும்புகிறேன்."

கடைசி மூன்று வாக்கியங்களைக் கவனியுங்கள். வெற்றிக் கதையை அப்படியே முடித்திருந்தால் 'சாதித்த மாணவர்' என்ற வரிசையில் நீங்களும் ஒருவர். "எதனால் என்று தெரியவில்லை" என்று ஒப்புக்கொண்டதும், இவருக்கு ஆய்வு மனம் இருக்கிறது என்று படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இதைப் பார்த்து எழுதிவிடாதீர்கள். இது இப்போது அச்சில் இருக்கிறது, உங்களைப் போல இன்னும் பலர் படிக்கிறார்கள். போஸ்டரை வரையும்போது என்ன நினைத்தீர்கள், முதலில் யாரிடம் கேட்டீர்கள், நாடகத்தை வெட்டலாம் என்றதும் நடித்தவர்கள் என்ன சண்டை போட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. உங்கள் பத்தி அங்கிருந்துதான் வர வேண்டும்.

இன்னும் கொஞ்சம் சரக்கு வேண்டுமென்றால், கடைசித் தேதிக்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். நீங்கள் பயன்படுத்தும் ஏதாவது ஒரு பொருளை எடுத்து, இணையத்தில் அதற்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர்களின் விமர்சனங்களை மட்டும் ஓர் ஐம்பது படியுங்கள். புகார்களைத் தரம் பிரியுங்கள்: பொருளே மோசமா, விளம்பரத்தில் சொன்னது மிகையா, தப்பான ஆள் வாங்கிவிட்டாரா, வந்து சேர்ந்த விதத்தில் கோளாறா? இரண்டு மாலைப்பொழுது போதும். கட்டணம் கட்டிப் பெறும் ஆன்லைன் சான்றிதழ் ஒன்றைவிட, இதிலிருந்து வரும் நாலு வரி உங்கள் விண்ணப்பத்தில் கனமாக இருக்கும்.

எழுதித் தருகிறோம் என்பவர்கள்

வேண்டாம். விண்ணப்பம் உங்கள் சொந்த எழுத்து என்று உறுதிமொழி கொடுத்துத்தான் அனுப்புகிறீர்கள். யூகாஸ் எல்லாக் கட்டுரைகளையும் மற்ற கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் வைத்திருக்கிறது. ஒத்துப்போனால் பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் போகும். எழுதித் தரும் ஆள் உங்களுக்கு மட்டும் எழுதுவார் என்பது என்ன நிச்சயம்? செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் இதே கணக்குதான். அது எழுதியதை உங்களுடையது என்று கொடுப்பதைப் பல்கலைக்கழகங்கள் ஏமாற்றாகக் கருதலாம் என்று யூகாஸே எச்சரிக்கிறது. எழுத்துப்பிழை பார்க்கவோ, "என்னிடம் பத்துக் கேள்வி கேள்" என்று சொல்லி யோசிக்கவோ பயன்படுத்தலாமா என்பதற்கு ஒவ்வோர் இடத்துக்கும் தனி விதி உண்டு, படித்துவிட்டுச் செய்யுங்கள். செய்யாததைச் செய்ததாக எழுதினால் ஆபத்து சேர்ந்த பிறகும் தீராது. தெரிய வரும்போது இடத்தை ரத்து செய்ய முடியும்.

ஆலோசனை நிறுவனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. விசா, ஆவணம் போன்றவற்றில் உதவுகிற நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பல முகவர்களுக்கு மாணவரைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகம் தரகுத்தொகை தருகிறது. அது தவறில்லை, உங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் தவறு. "நீங்கள் சொல்லும் பட்டியலில் எந்தெந்த இடம் உங்களுக்குப் பணம் தருகிறது?" என்று நேராகக் கேளுங்கள். விண்ணப்பக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், கடவுச்சொல் உங்கள் கையில் இருக்கட்டும். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள், பிரதி போதும்.

கணக்கு மதிப்பெண். மறைக்க முடியாது, மதிப்பெண் பட்டியல் போகத்தான் போகிறது. முதலில் அந்தப் படிப்பு கணக்கில் குறைந்தபட்சம் இவ்வளவு என்று கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டு, உங்களுக்கு அது இல்லையென்றால் எவ்வளவு நல்ல கட்டுரையும் பெரும்பாலும் உதவாது. பட்டியலை மாற்றுங்கள், அல்லது அந்தத் தேர்வைத் திரும்ப எழுத முடியுமா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால் கட்டுரையில் அதற்கு விளக்கம் எழுதி இடத்தை வீணாக்காதீர்கள். உடல்நலக்குறைவு மாதிரி உண்மையான காரணம் இருந்தால் அதைப் பரிந்துரை எழுதும் ஆசிரியர் சொல்வதுதான் முறை. நீங்கள் அவரிடம் போகும்போது வெறும் கையோடு போகாமல், நாடக விஷயத்தையும் அந்த ஐம்பது விமர்சன வேலையையும் அரைப் பக்கத்தில் குறித்துக் கொடுங்கள். பல மாணவர்களுக்கு எழுதுகிறவர் அவர், உங்களைப் பற்றிய விவரம் முன்னால் இருந்தால்தான் குறிப்பாக எழுத முடியும். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்; கட்டுரையை முடிக்கும் முன்பே அவரைப் பார்த்துவிடுங்கள்.